ஜெர்மன் வினைச்சொல் எங்கே பிசகுகிறது? அறிகுறியை வைத்துப் பிழை நீக்கும் வழி

ஜெர்மன் கட்டுரையைத் திருத்தும் ஆசிரியர் ஓரத்தில் 'காலம் தவறு' என்று எழுதியிருப்பார். பார்த்தால் பல வேளைகளில் தவறு காலத்தில் இருக்காது. துணைவினை மாறியிருக்கும், இல்லாவிட்டால் வினையின் வடிவம் பிசகியிருக்கும், அதுவும் இல்லாவிட்டால் வினை நிற்கும் இடம் சரியாக இருக்காது. மூன்றில் எது என்று பார்க்காமல் கால அட்டவணையை மறுபடியும் முதலிலிருந்து மனப்பாடம் செய்தால் பலன் கிடைக்காது. அதனால் இங்கே காலவாரியாகப் பிரிக்காமல், கண்ணுக்குத் தெரியும் தவறை வைத்துப் பிரித்திருக்கிறேன். உங்களுக்கு எது தொல்லையோ அந்தப் பகுதிக்கு நேராகப் போய்விடலாம்.

இன்னொரு விஷயம். நம்மில் பெரும்பாலோர் ஜெர்மனை ஆங்கிலம் வழியாகத்தான் படிக்கிறோம். வினைச்சொல் பிழைகளில் ஒரு பெரிய பங்கு ஜெர்மனால் வருவதில்லை, நடுவில் நிற்கும் அந்த ஆங்கிலத்தால் வருகிறது. சில இடங்களில் தமிழிலிருந்து நேராகப் போனாலே சரியான விடை கிடைத்துவிடும். சில இடங்களில் தமிழே காலை வாரும். இரண்டையும் அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

ஜெர்மன் சொற்களை ஏறத்தாழ ஒலிக்கும் விதத்தில் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். எழுத்துக்கூட்டலைப் பாடப்புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

## 'ஹாபெ' போட்டால் 'பின்' என்கிறார்கள், 'பின்' போட்டால் 'ஹாபெ' என்கிறார்கள்

துணைவினையோடு வரும் இறந்தகாலமான பெர்ஃபெக்டில் எல்லோருக்கும் வரும் முதல் தலைவலி இது. 'பெர்லினுக்குப் போயிருக்கிறேன்' என்பதற்கு 'இஷ் ஹாபெ நாஹ் பெர்லீன் கெஃபாரென்' என்று எழுதுவது ஆங்கிலப் பழக்கம். அங்கே ஒரே துணைவினைதான் எல்லா வினைக்கும். தமிழும் வேறு திசையில் இழுக்கும்: 'போயிருக்கிறேன்', 'சாப்பிட்டிருக்கிறேன்' இரண்டிலும் 'இரு'தான். அதனால் 'இஷ் பின் கெகெஸ்ஸென்' என்று சொல்லிவிடுகிறோம். முதல் வாக்கியத்தில் 'பின்' வரவேண்டும், இரண்டாவதில் 'ஹாபெ' வரவேண்டும். 'பின்' என்பது 'ஸைன்' வினையின் வடிவம், 'ஹாபெ' என்பது 'ஹாபென்' வினையின் வடிவம்.

சோதனையை இந்த வரிசையில் செய்யுங்கள், வரிசை முக்கியம்.

முதலில், வாக்கியத்தில் செயப்படுபொருள் இருக்கிறதா? இருந்தால் 'ஹாபென்'. வேறு எதையும் பார்க்க வேண்டாம். விதிவிலக்கு மிகச் சில. 'ஃபாரென்' என்றாலே 'ஸைன்' என்று மனப்பாடம் செய்தவர்கள் இங்கே மாட்டுவார்கள். 'இஷ் பின் கெஃபாரென்' என்றால் பயணம் போனேன். 'இஷ் ஹாபெ டாஸ் ஔடோ கெஃபாரென்' என்றால் காரை ஓட்டினேன். வினை ஒன்றுதான், ஆனால் கார் செயப்படுபொருளாக வந்ததும் துணைவினை மாறிவிட்டது. 'ஸிஷ்' (தன்னை) சேர்ந்த வினைகளுக்கும் 'ஹாபென்'தான். 'ஏர் ஹாட் ஸிஷ் ஃபெரெண்டர்ட்', அதாவது அவன் மாறிவிட்டான். இது நிலைமாற்றம்தானே, 'ஸைன்' வரவேண்டாமா என்று தோன்றும். 'ஸிஷ்' இருப்பதால் வராது.

செயப்படுபொருள் இல்லை என்றால் இரண்டாவது கேள்வி: ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்ச்சியா, அல்லது ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாற்றமா? அப்படியானால் 'ஸைன்'. 'இஷ் ஹாபெ கெஷ்லாஃபென்' என்றால் தூங்கினேன். 'இஷ் பின் ஐன்கெஷ்லாஃபென்' என்றால் தூங்கிப்போனேன். விழிப்பிலிருந்து தூக்கத்துக்கு மாறிய அந்த நொடியைத்தான் இரண்டாவது சொல்கிறது. தமிழில் 'போ' சேர்த்துச் சொல்லும் 'தூங்கிப்போனேன்', 'இறந்துபோனார்' போன்றவை அங்கே 'ஸைன்' எடுப்பதைக் கவனியுங்கள். நல்ல குறிப்புதான், ஆனால் முழுதாக நம்பக் கூடாது. 'மறந்துபோனேன்' அங்கே 'இஷ் ஹாபெ ஃபெர்கெஸ்ஸென்'. மறந்த பொருள் ஒன்று இருக்கிறதே, முதல் சோதனையிலேயே அது பிடிபட்டிருக்கும்.

மூன்றாவதாக, நகர்ச்சியும் மாற்றமும் இல்லாமலே 'ஸைன்' எடுக்கும் சிலவற்றை நெட்டுருதான் போட வேண்டும். 'ஸைன்' தானே ஒன்று: 'இஷ் பின் கெவேஸென்'. 'ப்லைபென்' இன்னொன்று: 'இஷ் பின் ட்ஸு ஹௌஸெ கெப்லீபென்', வீட்டிலேயே இருந்துவிட்டேன். நடந்தது என்ன என்று கேட்கும் 'வாஸ் இஸ்ட் பாஸீர்ட்?' மூன்றாவது.

எதிர்ப்பக்கத்திலும் பொறி உண்டு. தொடங்குவதும் முடிவதும் எடை கூடுவதும் நிலைமாற்றம் போலவே தெரியும். ஆனாலும் 'ஆன்ஃபாங்கென்', 'ஔஃப்ஹேரென்', 'ட்ஸூநேமென்' மூன்றும் 'ஹாபென்'தான். 'டேர் ஃபில்ம் ஹாட் ஆன்கெஃபாங்கென்.'

இவ்வளவும் சரியாகச் செய்த பிறகும், ஒரு பாடத்தில் 'இஷ் ஹாபெ கெஸெஸ்ஸென்' என்றும் ஒரு காணொளியில் 'இஷ் பின் கெஸெஸ்ஸென்' என்றும் கேட்டால் குழம்ப வேண்டாம். உட்கார், நில், படுத்திரு ஆகிய மூன்றுக்கும் வட ஜெர்மனியில் 'ஹாபென்'. தென் ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்தில் 'ஸைன்'. இரண்டும் சரி. உங்கள் புத்தகம் எதைச் சொல்கிறதோ அதையே கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள்.

## 'கெ' எங்கே போடுவது, எங்கே விடுவது

பெர்ஃபெக்டில் வினையின் முடிந்த வடிவத்தில் ஒட்டுவது இந்த 'கெ'. படித்தேன், போய்ப் பார்த்தேன், தொலைபேசியில் அழைத்தேன் என்பதற்கு எழுதுவார்கள்: 'கெஷ்டுடீர்ட்', 'கெபெஸூஹ்ட்', 'கெஆன்ரூஃபென்'. மூன்றும் தவறு. சரியானவை 'ஷ்டுடீர்ட்', 'பெஸூஹ்ட்', 'ஆன்கெரூஃபென்'.

புத்தகங்கள் இதை மூன்று விதியாகத் தரும்: 'ஈரென்' என்று முடிந்தால் 'கெ' வராது, 'பெ', 'எர்', 'ஃபெர்', 'ட்ஸெர்', 'என்ட்' போன்ற பிரியாத முன்னொட்டுக்கு வராது, பிரியும் முன்னொட்டுக்கு நடுவில் வரும். மூன்றும் உண்மை. ஆனால் அடியில் ஓடுவது ஒரே விதி. 'கெ' தனக்கு அடுத்து வரும் அசையில் அழுத்தம் விழுந்தால்தான் ஒட்டும். 'ஷ்டுடீரென்' சொல்லில் அழுத்தம் 'டீ'யில், முதல் அசையில் இல்லை, ஆகவே ஒட்டாது. 'பெஸூஹென்' சொல்லில் 'பெ' அழுத்தமில்லாதது, ஒட்டாது. 'ஆன்ரூஃபென்' பிரியும் வினை. 'ஆன்' தனியாகக் கழன்று நிற்க, அதை விட்டுவிட்டு 'ரூஃபென்' என்ற வினைக்கு முன்னால் 'கெ' ஒட்டுகிறது.

ஆகவே புதிய வினையைக் கற்கும்போதே வாய்விட்டுச் சொல்லி, அழுத்தம் எங்கே என்று குறித்துவையுங்கள். பின்னால் எவ்வளவோ வேலை மிச்சம். 'உம்ஃபாரென்' என்ற வினைக்கு இது ரொம்ப அவசியம். 'உம்' அழுத்தமாக வந்தால் மோதிச் சாய்ப்பது, 'ஃபா' அழுத்தமாக வந்தால் சுற்றிக்கொண்டு போவது. 'ஏர் ஹாட் டாஸ் ஷில்ட் உம்கெஃபாரென்' என்றால் பலகையை இடித்துத் தள்ளிவிட்டான். 'ஏர் ஹாட் டாஸ் ஷில்ட் உம்ஃபாரென்' என்றால் இடிக்காமல் சுற்றிப் போனான். ஓட்டுநர் தேர்வில் மாற்றிச் சொல்லிவிடாதீர்கள்.

## உயிரெழுத்து மாறுகிறது, எப்போது என்று தெரியவில்லை

'ஏர் ஃபார்ட்' என்று எழுதி அடிபட்டிருந்தால், நிகழ்காலத்தில் 'டு', 'ஏர்' இரண்டுக்கும் மட்டும் நடக்கும் மாற்றத்தை மறந்திருக்கிறீர்கள்: 'டு ஃபேர்ஸ்ட்', 'ஏர் ஃபேர்ட்'. 'ஷ்ப்ரெஹென்' என்பது 'ஏர் ஷ்ப்ரிஷ்ட்' ஆகும். 'நீங்கள்' என்று பலரைப் பார்த்துச் சொல்லும் 'ஈயர்' வடிவத்துக்கு இந்த மாற்றம் கிடையாது: 'ஈயர் ஃபார்ட்'.

'ஏர் கிங்ட்' என்று எழுதியிருந்தால் அது வேறு கோளாறு. இறந்தகால ப்ரெடேரிடும் வடிவத்தில் 'இஷ்', 'ஏர்' இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். 'இஷ் கிங்', 'ஏர் கிங்'. கடைசியில் 'ட்' வராது.

இந்த ஒழுங்கற்ற வினைகளை அகரவரிசையில் படிப்பது வீண் வேலை. ஓசையால் கூட்டம் சேருங்கள். 'ஸிங்கென், ஸாங், கெஸுங்கென்' கூட்டத்தில் 'ட்ரிங்கென்', 'ஃபிண்டென்' வரும். 'ஷ்ரைபென், ஷ்ரீப், கெஷ்ரீபென்' கூட்டத்தில் 'ப்லைபென்', 'ஷ்டைகென்' வரும். 'ப்ரிங்கென், ப்ராஹ்டெ, கெப்ராஹ்ட்' மாதிரி ஒழுங்குள்ளது, ஒழுங்கற்றது என்ற இரண்டு பக்கமும் கால் வைத்த ஒரு சின்னக் கூட்டமும் உண்டு. 'டெங்கென்' அதில் சேரும்.

முன்னொட்டு சேர்ந்த வினை பெரும்பாலும் தாய் வினையின் வழியே போகும். 'ஷ்டேயென்' தெரிந்தால் 'ஃபெர்ஷ்டேயென்', 'ஔஃப்ஷ்டேயென்' தெரிந்த மாதிரி. விசா விண்ணப்பத்தில் அடிக்கடி வரும் 'பெஆன்ட்ராகென்' மட்டும் 'ட்ராகென்' வினையின் பிள்ளை போலத் தோற்றம் காட்டி ஏமாற்றும். அது பெயர்ச்சொல்லிலிருந்து வந்தது, ஒழுங்கான வினை: 'இஷ் ஹாபெ பெஆன்ட்ராக்ட்'.

## பெர்ஃபெக்டா, ப்ரெடேரிடுமா?

ஆங்கிலத்தில் இந்த இரண்டுக்கும் பொருள் வேறுபாடு உண்டு என்று பள்ளியில் அடித்துச் சொல்லியிருப்பார்கள். அதை அப்படியே இங்கே கொண்டுவராதீர்கள். 'இஷ் ஹாபெ கெஸ்டர்ன் ஐன் பூஹ் கெகௌஃப்ட்' என்பதில் 'நேற்று' வந்திருக்கிறது, ஆனாலும் பெர்ஃபெக்ட் முழுச்சரி. ஜெர்மனில் வேறுபாடு பெரும்பாலும் பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையில்தான். பேசும்போதும் கடிதத்திலும் குறுஞ்செய்தியிலும் பெர்ஃபெக்ட். கதை, செய்தி, அறிக்கை என்றால் ப்ரெடேரிடும். தெற்கே போகப் போக ப்ரெடேரிடும் தேய்ந்துகொண்டே போகும்; ஸ்விஸ் ஜெர்மன் பேச்சுமொழியில் அந்த வடிவமே கிடையாது.

அப்படியென்றால் பேச்சில் ப்ரெடேரிடும் வேண்டவே வேண்டாமா என்றால், சிலவற்றுக்கு வேண்டும். 'வார்', 'ஹட்டெ', 'எஸ் காப்' ஆகியவையும், 'கொன்டெ' (முடிந்தது), 'முஸ்டெ' (வேண்டியிருந்தது), 'வொல்டெ' (விரும்பினேன்) முதலிய துணை வினைகளும் வாயில் ப்ரெடேரிடுமாகவே வரும். 'இஷ் பின் க்ராங்க் கெவேஸென்' தவறில்லை. ஆனால் வடக்கே 'இஷ் வார் க்ராங்க்' என்றுதான் அதிகம் கேட்பீர்கள்.

'நாஹ்டேம்' (பிறகு) வந்தால் மட்டும் ஒரு படி பின்னால் போங்கள்: 'நாஹ்டேம் இஷ் கெகெஸ்ஸென் ஹட்டெ, கிங் இஷ் ஷ்லாஃபென்'. சாப்பிட்டது முதலில், தூங்கப் போனது பிறகு. பழையதைச் சொல்ல ப்ளுஸ்குவாம்பெர்ஃபெக்ட் தேவைப்படும் இடம் இதுதான். வேறு எங்கும் அதை வலிந்து நுழைக்காதீர்கள்.

## 'மூன்று வருஷமாக இருக்கிறேன்' என்று எழுதினால் 'இப்போது இல்லையா?' என்று கேட்கிறார்கள்

'இஷ் ஹாபெ ஸைட் ட்ரை யாரென் ஹியர் கெவோன்ட்' என்று எழுதியிருப்பீர்கள். இது ஆங்கிலத்தை அப்படியே கொண்டுவந்த பிழை. இன்னும் அங்கேயே வசிக்கிறீர்கள் என்றால் ஜெர்மனில் நிகழ்காலம் போதும்: 'இஷ் வோனெ ஸைட் ட்ரை யாரென் ஹியர்'. தமிழில் எப்படிச் சொல்வீர்கள்? 'மூன்று வருஷமாக இங்கே இருக்கிறேன்.' நிகழ்காலம்தானே. நேராகப் போங்கள்.

## சிறுவயதைப் பற்றி எழுதினால் 'வென்' அடிபடுகிறது

இது தமிழால் வரும் பிழை. நமக்கு 'போது' ஒன்றே போதும். ஜெர்மனில், கடந்துபோன ஒரே ஒரு நிகழ்வுக்கும் ஒரே காலகட்டத்துக்கும் 'ஆல்ஸ்': 'ஆல்ஸ் இஷ் கிண்ட் வார்'. திரும்பத் திரும்ப நடந்ததற்கும், நிகழ்காலம் எதிர்காலத்துக்கும் 'வென்'. சிறுவயதாக இருந்தது ஒரே தடவைதான் என்று நினைவில் வைத்தால் போதும்.

## வினை சரி, வடிவமும் சரி, ஆனால் முழு வாக்கியமும் சிவப்பு

இடம் தவறியிருக்கிறது. சாதாரண வாக்கியத்தில், நான், நீ, அவர்கள் என்று ஆளுக்கேற்ப வடிவம் மாறும் வினை இரண்டாவது இடத்தில் நிற்கும். 'கெஸ்டர்ன் இஷ் பின் நாஹ் பெர்லீன் கெஃபாரென்' தவறு. 'கெஸ்டர்ன் பின் இஷ் நாஹ் பெர்லீன் கெஃபாரென்' சரி. இரண்டாவது என்றால் இரண்டாவது சொல் என்று எண்ணிவிடக் கூடாது, இரண்டாவது தொகுதி. 'நேற்று மாலை ஆறு மணிக்கு' என்பது முழுதும் ஒரே தொகுதி. 'வென்' என்று தொடங்கும் சார்பு வாக்கியம் முன்னால் வந்தால் அது மொத்தமும் முதல் தொகுதி, உடனே வினை: 'வென் இஷ் ட்ஸைட் ஹாபெ, கொம்மெ இஷ்'. ஆனால் 'உண்ட்', 'ஆபர்', 'ஓடர்', 'டென்', 'ஸொண்டர்ன்' என்ற ஐந்து இணைப்புச் சொற்களும் எண்ணிக்கையில் வராது.

சார்பு வாக்கியத்தில்தான் தமிழ் படித்தவருக்குக் கை கொடுக்கும். 'வைல்' (ஏனென்றால்), 'டாஸ்' (என்று), 'ஓப்' (-ஆ என்று) போன்றவை வந்ததும் வினை கடைசிக்குப் போய்விடும். ஆங்கிலம் வழி படித்தவர்கள் இதைப் பயங்கரமான விதி என்று நினைத்து விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பார்கள். இதைப் பாருங்கள்:

'இஷ் நாஹ் பெர்லீன் கெஃபாரென் பின்'
'நான் பெர்லினுக்குப் போய் இருக்கிறேன்'

வரிசை அப்படியே இருக்கிறது. 'டாஸ் இஷ் டாய்ச் லெர்னென் வில்' என்பதும் 'நான் ஜெர்மன் படிக்க விரும்புகிறேன் என்று' என்பதும் அதே கதை. 'என்று' மட்டும் அங்கே முன்னால் வந்து நிற்கும். ஆகவே சார்பு வாக்கியம் எழுதும்போது ஆங்கிலத்தை மூடிவைத்துவிட்டுத் தமிழ் வாக்கியத்தை மனத்தில் சொல்லி, சொல்லுக்குச் சொல் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் வினைகள் தானாகச் சரியான இடத்தில் விழும்.

ஒரே ஒரு முரடன் உண்டு. பெர்ஃபெக்ட் காலத்தில் 'ம்யுஸ்ஸென்' போன்ற துணை வினை வந்தால் 'வைல் இஷ் ஹாபெ ஆர்பைடென் ம்யுஸ்ஸென்' என்று 'ஹாபெ' முன்னால் தாவும். இதைக் கற்க நேரம் செலவிடாதீர்கள். 'வைல் இஷ் ஆர்பைடென் முஸ்டெ' என்று ப்ரெடேரிடுமில் சொல்லிவிட்டால் முடிந்தது, அதுதான் இயல்பும்கூட.

பேச்சில் ஜெர்மானியர்களே 'வைல்' சொல்லிவிட்டு வினையை இரண்டாவது இடத்தில் வைப்பதைக் கேட்பீர்கள். கேட்டுக்கொள்ளுங்கள். தேர்வில் எழுதாதீர்கள்.

## 'வில்' என்றும் 'விர்ட்' என்றும் எதிர்காலத்தில் குழப்பம்

'இஷ் வில் கேயென்' என்பது போவேன் அல்ல, போக வேண்டும் என்ற விருப்பம். ஆங்கிலக் காதுக்கு எதிர்காலம் போல ஒலிக்கும், அவ்வளவுதான்.

எதிர்காலத்துக்கு 'வேர்டென்' இருந்தாலும், நேரம் குறிப்பிட்டிருந்தால் நிகழ்காலமே போதும். 'மோர்கென் ஃபாரெ இஷ் நாஹ் பெர்லீன்'. நாமும் 'நாளைக்குப் போகிறேன்' என்றுதானே சொல்கிறோம்.

'வேர்டென்' ஊகத்துக்கு நன்றாகப் பயன்படும். 'ஏர் விர்ட் வோல் ட்ஸு ஹௌஸெ ஸைன்' என்பதை நாளை வீட்டில் இருப்பான் என்று படிக்கக் கூடாது. இப்போது வீட்டில்தான் இருப்பான் என்கிறோமே, அந்த 'இருப்பான்'. தமிழ் எதிர்காலமும் இதே இரட்டை வேலையைச் செய்வதால், இந்த இடத்தைத் தமிழருக்கு விளக்கவே தேவையில்லை.

படிக்கும்போது 'விர்ட்' கண்ணில் பட்டால் வாக்கியத்தின் கடைசியைப் பாருங்கள். கடைசியில் வினையின் மூல வடிவம் இருந்தால் எதிர்காலம் அல்லது ஊகம். 'கெபௌட்' மாதிரி முடிந்த வடிவம் இருந்தால் செயப்பாட்டுவினை: 'டாஸ் ஹௌஸ் விர்ட் கெபௌட்', வீடு கட்டப்படுகிறது. வினை எதுவுமே இல்லாமல் பெயரோ பண்புச்சொல்லோ மட்டும் இருந்தால் 'ஆகிறது': 'எஸ் விர்ட் கால்ட்', குளிர ஆரம்பிக்கிறது.

செயப்பாட்டுவினையை எழுதும்போது இரண்டு இடத்தில் வழுக்கும். 'டீ ட்யூர் இஸ்ட் கெஷ்லொஸ்ஸென்' என்றால் கதவு மூடியிருக்கிறது. 'டீ ட்யூர் விர்ட் கெஷ்லொஸ்ஸென்' என்றால் மூடப்படுகிறது. 'இருக்கிறது', 'படுகிறது' என்ற வேறுபாடு தெளிவாகக் கேட்கிறதா? அதேதான். இன்னொன்று, இறந்தகாலத்தில் 'டாஸ் ஹௌஸ் இஸ்ட் 1990 கெபௌட் வோர்டென்' என்று வரும். இங்கே 'கெவோர்டென்' போட்டால் பிழை. 'கெ' சேர்ந்தது 'ஆனது' என்ற பொருளுக்கு மட்டும்.

## இரண்டு புள்ளி விட்டுப்போய்ப் பொருள் மாறிவிடுகிறது

'கொன்டெ' என்றால் முடிந்தது. அதே சொல்லில் மேலே இரண்டு புள்ளி வைத்து, உதட்டைக் குவித்து 'கென்டெ' என்றால் முடியும், முடியலாம். 'ஹட்டெ' இருந்தது; 'ஹெட்டெ' இருந்தால். 'வார்', 'வேரெ' இரண்டும் அப்படியே. கணினியில் புள்ளி தட்ட வராதவர்கள் அந்த எழுத்துக்குப் பின்னால் ஓர் 'e' எழுத்தைச் சேர்த்து எழுதலாம். ஜெர்மானியர்களும் அப்படிச் செய்வதுண்டு. வெறுமனே விட்டுவிடக் கூடாது.

'வ்யுர்டெ ஹாபென்', 'வ்யுர்டெ ஸைன்' என்று நீட்டி எழுதுவது இலக்கணத் தவறில்லை, கேட்கத்தான் கனமாக இருக்கும். 'ஹெட்டெ', 'வேரெ' போதும். மற்ற வினைகளுக்குப் பேச்சில் 'வ்யுர்டெ' வழி சுலபம்: 'வென் இஷ் ட்ஸைட் ஹெட்டெ, வ்யுர்டெ இஷ் கொம்மென்'.

## செய்தித்தாளில் 'ஏர் ஸை', 'ஏர் ஹாபெ' என்று வருகிறது, அச்சுப்பிழையா?

இல்லை. பிறர் சொன்னதைச் சொல்லும் வடிவம் அது, முதல் கொன்யுங்க்டிவ். 'டேர் மினிஸ்டர் ஸாக்டெ, ஏர் ஸை க்ராங்க்' என்பதைத் தமிழில் ஒரே அசையில் முடித்துவிடலாம்: அமைச்சருக்கு உடம்பு சரியில்லையாம். அந்த 'ஆம்' செய்யும் வேலையைத்தான் 'ஸை' செய்கிறது. ஆனால் நம் 'ஆம்' சில வேளை 'நான் நம்பவில்லை' என்று உதட்டைச் சுழிக்கும். 'ஸை' அப்படியில்லை; சொன்னவர் அவர், பொறுப்பு அவருடையது என்பதோடு நிறுத்திக்கொள்ளும்.

'அவர்கள்' என்று பன்மையில் வரும்போது 'ஸீ ஹாபென்' சாதாரண வடிவத்தோடு ஒன்றாகிவிடும். அப்போது செய்தியாளர்கள் 'ஸீ ஹெட்டென்' என்று இரண்டாவது கொன்யுங்க்டிவுக்கு, அதாவது மேலே பார்த்த 'ஹெட்டெ', 'வேரெ' வகைக்கு மாறிவிடுவார்கள். அங்கே 'இருந்தால்' என்ற பொருளைத் தேடி அலைய வேண்டாம். பி1 என்ற இடைநிலைத் தேர்வில் இதையெல்லாம் நீங்கள் எழுத வேண்டியதில்லை, படிக்கும்போது அடையாளம் தெரிந்தால் சரி.